பலருக்காகச் சிலரைச் சாகவிடும் காட்சிகள்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி இது: "'ஐ இன் தி ஸ்கை' பார்த்தபோது, அந்தச் சிறுமி இருந்தாலும் பரவாயில்லை, ஏவுகணையை விடட்டும் என்றுதான் மனசு சொன்னது. 'தி க்ரூயல் சீ' படத்தில், தண்ணீரில் தத்தளிக்கும் ஆட்கள் நடுவிலேயே கேப்டன் குண்டு போட்டபோது அது கொலை என்று தோன்றியது. இரண்டும் சிலரைக் கொன்று பலரைக் காப்பாற்றும் அதே கணக்குதானே? எனக்குத்தான் கொள்கை இல்லையா? இப்படிப்பட்ட காட்சிகளை எப்படி எடைபோடுவது?"

உங்களிடம் முரண்பாடு எதுவும் இல்லை. அந்த இரண்டு படங்களும் உங்கள் கையில் கொடுத்த தகவல் வேறு வேறு, அவ்வளவுதான். இத்தகைய காட்சிகளில் எத்தனை பேர் சாகிறார்கள், எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, சாகிறவருடைய சாவு திட்டத்துக்குத் தேவையா, அல்லது அவர் குறுக்கே மாட்டிக்கொண்டவரா என்பது. அப்புறம், முடிவெடுப்பவருக்கு அந்த நிமிடத்தில் எவ்வளவு நிச்சயமாகத் தெரியும், வேறு வழி உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா, சாகப்போவது யார் என்பதை யார் எந்த முறையில் தீர்மானித்தார் என்பவை. படங்கள் அதிகம் ஏமாற்றுவது அந்த நிச்சய விஷயத்தில்தான். பார்வையாளருக்கு முழு நிச்சயத்தையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, "இப்போ சொல்லு, நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்கும். குண்டு எங்கே இருக்கிறது, யார் கெட்டவன், எத்தனை பேர் சாவார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். படத்துக்குள் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

சாவு தேவையா என்பதை முதலில் முடித்துவிடுவோம். இன்று எல்லோரும் சொல்லும் ட்ராம் வண்டி உதாரணம், பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பிரேக் பிடிக்காத ட்ராம், நேரே போனால் தண்டவாளத்தில் வேலை செய்யும் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர், ஓட்டுநர் திருப்பலாமா? நிறையப் பேர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபுட் இதன் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்தார். நடந்த ஒரு குற்றத்துக்கு ஆளைக் காட்டச் சொல்லி ஒரு கலவரக் கும்பல் ஐந்து பேரைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறது. நீதிபதி ஒரு நிரபராதியைக் குற்றவாளி என்று சொல்லித் தூக்கில் போட்டால் ஐந்து பேரும் பிழைப்பார்கள். இங்கேயும் ஐந்துக்கு ஒன்றுதான். ஆனால் ட்ராமைத் திருப்பலாம் என்று சொல்கிற அதே ஆள், நீதிபதி செய்வது அநியாயம் என்பார். பிறகு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1976இலும் 1985இலும் எழுதிய கட்டுரைகளில் இதை வளர்த்தார். பாலத்தின் மேல் நிற்கும் பருமனான மனிதரைக் கீழே தள்ளி வண்டியை நிறுத்தலாமா என்ற பிரபலமான கேள்வி அவருடையது.

இதிலிருந்து படம் பார்க்கும்போது பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. சாகப்போகிறவர் கடைசி நொடியில் எப்படியோ தப்பித்துவிட்டால், பலரைக் காப்பாற்றும் திட்டம் அப்போதும் பலிக்குமா? பக்கத்துத் தடத்தில் இருந்தவர் துள்ளி விலகினால் ஓட்டுநருக்கு நிம்மதிதான். பாலத்து மனிதர் விலகிக்கொண்டால் திட்டமே போச்சு, ஏனென்றால் அவர் உடம்புதான் அங்கே பிரேக். நிரபராதியும் அப்படித்தான், அவர் தூக்கில் தொங்கினால்தான் கும்பல் அடங்கும். (இந்தச் சோதனையைத் திணறடிக்கும் உதாரணங்களைத் தாம்சனே உருவாக்கினார். 2008இல் எழுதிய கட்டுரையில், வழியில் நிற்கும் மூன்றாவது ஆள் ஒருவர் நெம்புகோலை இழுத்து ட்ராமைத் திருப்புவதுகூடச் சரியல்ல என்று தன் பழைய கருத்தையே மாற்றிக்கொண்டார். ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம்.)

உங்கள் இரண்டு படங்களையும் இதில் போட்டுப் பாருங்கள். 'ஐ இன் தி ஸ்கை'யில் சிறுமி அலியா வீட்டுக்குப் போய்விட்டால் ஏவுகணை இன்னும் சுலபமாகப் போகும். 'தி க்ரூயல் சீ'யில் தண்ணீரில் கிடப்பவர்கள் வேறு பக்கம் மிதந்து போய்விட்டால் கேப்டனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு பேருமே யாருடைய சாவையும் கருவியாகப் பயன்படுத்தவில்லை. இரண்டு படங்களும் ஒரே பக்கம்தான் விழுகின்றன. அப்படியானால் உங்கள் மனசு பிரித்துப் பார்த்தது வேறெதையோ.

கேவின் ஹூட் இயக்கி 2015இல் வந்த 'ஐ இன் தி ஸ்கை'யில் நடப்பது இது. நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் ஒரு வீடு. உள்ளே அல்-ஷபாப் தீவிரவாத இயக்கத்தினர், தற்கொலைத் தாக்குதலுக்கான வெடிகுண்டு அங்கிகளை இரண்டு பேருக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனிலிருந்து கர்னல் பவெல் (ஹெலன் மிர்ரன்) நடவடிக்கையை நடத்துகிறார். ஆட்களை உயிரோடு பிடிப்பதுதான் முதல் திட்டம். அமெரிக்காவின் நெவாடாவில் உட்கார்ந்து ட்ரோனை இயக்குபவர் ஸ்டீவ் வாட்ஸ் (ஆரன் பால்). வீட்டுச் சுவரையொட்டி மேசை போட்டு, அம்மா சுட்ட ரொட்டியை விற்கிறாள் அலியா. தாக்காவிட்டால் எண்பது பேர்வரை சாகலாம் என்பது கணிப்பு.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய இடம் அழுகைக் காட்சி இல்லை, சேத மதிப்பீட்டுக் காட்சி. ஏவுகணை எங்கே விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட ஒரு சார்ஜென்ட் இருக்கிறார். முதலில் அவர் சொல்வது, சிறுமி சாக 65 முதல் 75 சதவீதம் வாய்ப்பு. பவெலுக்கு 50க்குக் கீழே வேண்டும், அப்போதுதான் மேலிடம் ஒப்புக்கொள்ளும். ஏவுகணை விழும் இடத்தை வீட்டின் தள்ளிய மூலைக்கு நகர்த்திப் பார்க்கிறார்கள். இப்போது 45 முதல் 65. அந்த வரம்பின் கீழ் முனையை மட்டும் எடுத்து 45 என்று அறிக்கை போகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. 45 என்பது அந்த வரம்புக்குள் இருக்கிற எண்தான். ஆனால் முடிவு முன்பே எடுக்கப்பட்டு, எண் அதற்கேற்ப வளைந்திருக்கிறது. அலுவலகத்தில் பட்ஜெட் தயாரித்துப் பழகிய யாருக்கும் இது எப்படி நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பொறுப்பு மேலே மேலே தள்ளப்படும் விதம். லண்டன் கூட்ட அறையில் தளபதி பென்சன் (ஆலன் ரிக்மன்) அனுமதி கேட்கிறார்; அமைச்சர்கள் வெளியுறவுச் செயலரிடம் கேட்கச் சொல்கிறார்கள்; அவர் சிங்கப்பூரில் வயிற்றுக் கோளாறோடு கழிப்பறையில் இருக்கிறார்; இலக்கில் அமெரிக்கக் குடிமகன் இருப்பதால் பெய்ஜிங்கில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கும் அமெரிக்க வெளியுறவு அமைச்சரிடம் போகிறது. எண்பது பேர் செத்தால் பழி அல்-ஷபாபுக்கு, ஒரு குழந்தை செத்தால் பழி நமக்கு என்ற அரசியல் கணக்கும் அறையில் வெளிப்படையாகவே வருகிறது. இந்தச் சங்கிலியில் உருப்படியாக ஒன்றைச் செய்பவர் கடைசிக் கண்ணியான வாட்ஸ்தான். சிறுமி வந்துவிட்டாள், மதிப்பீட்டை மறுபடி போடுங்கள், அதுவரை பொத்தானை அழுத்த மாட்டேன் என்கிறார். ஆயுதத்தை விடுவிக்கும் விமானிக்கு அந்த உரிமை உண்டு. அவர் வாங்கிக் கொடுத்த நேரத்தில்தான் ரொட்டியை மொத்தமாக வாங்கிவிட்டு அவளை அனுப்பும் முயற்சி நடக்கிறது.

இவ்வளவு நேர்மையான படமும் ஒரு இடத்தில் நமக்குச் சலுகை காட்டுகிறது. உளவாளி (பர்காத் அப்டி) வண்டு அளவிலான பறக்கும் கேமராவை வீட்டுக்குள் அனுப்புகிறார். அது உத்தரத்தில் உட்கார்ந்து, வெடிகுண்டு அங்கிகளைத் தெள்ளத் தெளிவாகப் படம் பிடிக்கிறது. அந்த ஒரு ஷாட்தான் "விடட்டும்" என்று உங்களைச் சொல்லவைத்தது. அதை வெட்டிவிட்டு, கூரைக்கு மேலே ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து தெரியும் சாம்பல் நிறப் படத்தை மட்டும் வைத்துப் பாருங்கள்.

நிஜத்தில் அப்படித்தான் நடந்தது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன்கள் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. மூன்று நாளுக்கு முன்புதான் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் பெருந்தொகையான ஆப்கானியரும் செத்திருந்தார்கள். அடுத்த தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கையும் இருந்தது. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று நம்பி ஹெல்ஃபயர் ஏவுகணையை விட்டார்கள். அவை தண்ணீர் கேன்கள். ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பொதுமக்கள் செத்தார்கள். செப்டம்பர் 17இல் அது தவறு என்று ராணுவமே ஒப்புக்கொண்டது. பிறகு நடந்த விசாரணையில், ஏவுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே ஒரு குழந்தை வீடியோவில் தெரிந்தது வெளிவந்தது. சட்ட மீறல் இல்லை என்று சொன்ன அந்த விசாரணை, ஏற்கெனவே நம்பியதற்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் பார்த்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்த அறையில் இருந்தவர்களும் பலரைக் காப்பாற்றச் சிலரைக் கொல்வதாகத்தான் நம்பினார்கள். தவறியது அறக் கணக்கு இல்லை. அதற்குள் போட்ட எண்தான் தவறு.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படங்களில் வரும் வக்கீல்கள் பாதிதான் சொல்வார்கள். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, உயிருக்கு உயிர் எண்ணச் சொல்லவில்லை. ஒரு தாக்குதலால் பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்க்கப்படும் சேதம், அதனால் நேரடியாகக் கிடைக்கும் ராணுவ ஆதாயத்தைவிட மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. எதிர்பார்க்கப்படும் என்பதுதான் அதில் முக்கியம். அதிகாரியை, அவருக்கு அப்போது நியாயமாகத் தெரிந்திருக்கக்கூடியதை வைத்து எடைபோட வேண்டும். பின்னால் தெரியவந்ததை வைத்து அல்ல. அதோடு, சேதத்தைக் குறைக்க இயன்ற எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்திருக்க வேண்டும். ரொட்டியை வாங்கிவிட்டு அலியாவை அனுப்பப் பார்த்தது இரக்கம் மட்டுமல்ல, அந்தக் கடமையும்தான்.

இப்போது 'தி க்ரூயல் சீ'. 1953இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த படம், இயக்கம் சார்லஸ் ஃப்ரெண்ட். இரண்டாம் உலகப் போரில், அட்லான்டிக் கடலில் சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போகும் 'காம்பஸ் ரோஸ்' என்ற சின்னப் போர்க்கப்பல். ஜெர்மன் நீர்மூழ்கி அடித்த கப்பல்களின் மாலுமிகள் தண்ணீரில் கிடக்கிறார்கள். காப்பாற்ற வருகிறார்கள் என்று கையசைக்கிறார்கள். அதே நேரத்தில் ஒலி அலைக் கருவியில் ஒரு எதிரொலி. நீர்மூழ்கி அவர்களுக்கு நேர் கீழே இருப்பதாகத் தெரிகிறது. கேப்டன் எரிக்சன் (ஜாக் ஹாக்கின்ஸ்) வேகத்தைக் கூட்டி அவர்கள் நடுவிலேயே போய் நீரடிக் குண்டுகளைப் போடுகிறார்.

அவர் ஏன் நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டு பிறகு தாக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். நின்ற கப்பல் நீர்மூழ்கிக்கு அசையாத இலக்கு. மெதுவாகப் போய்க் குண்டு போட்டால், அது வெடிக்கும்போது தன் பின்பகுதியையே உடைத்துக்கொள்ளும். அக்கால ஒலிக்கருவி மிக நெருங்கியதும் எதிரொலியை இழந்துவிடும், அதனால் கடைசிச் சில நூறு அடி குருட்டாட்டம்தான். தண்ணீரில் இருப்பவர் மேல் குண்டு நேராக விழ வேண்டியதே இல்லை. தண்ணீர் அமுங்காது என்பதால் வெடிப்பின் அழுத்தம் அப்படியே உடம்புக்குள் போய், காற்று இருக்கும் இடங்களான நுரையீரலையும் குடலையும் கிழித்துவிடும். படம் இதையெல்லாம் விளக்குவதில்லை. 1953இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் ரசிகர்களில் பலர் போரில் இருந்தவர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

குண்டு வெடித்த பிறகு நீர்மூழ்கி வெளியே வருவதில்லை. எண்ணெய் மிதப்பதில்லை. கீழே ஏதாவது இருந்ததா என்பது எரிக்சனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. திமிங்கிலம், மீன் கூட்டம், மூழ்கிய கப்பல், வெப்பநிலை மாறும் நீர் அடுக்கு எல்லாமே அந்தக் கருவியில் எதிரொலி கொடுக்கும். உங்கள் மனசு பிரித்துப் பார்த்தது இதைத்தான். ஒரு படம் அங்கிகளைக் காட்டியது, இன்னொன்று ஒரு சத்தத்தை மட்டும் கேட்கவைத்தது. என் பார்வையில் 'தி க்ரூயல் சீ'தான் இரண்டில் பெரிய படம். எரிக்சன் செய்தது தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நியாயமான ஒரு கேப்டன் அதையேதான் செய்திருப்பார். நமக்கும் அவருக்கும் ஒரே அளவு தகவலைக் கொடுத்து, பின்னால் வந்து பதிலைக் காட்டிவிட மறுத்த துணிச்சலுக்காகச் சொல்கிறேன்.

வீட்டில் பார்க்கும்போது ஒரு வேலை செய்யலாம். முடிவெடுக்கும் ஷாட்டுக்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடதுபக்கம் பாத்திரத்துக்குத் தெரிந்தது, வலதுபக்கம் உங்களுக்குத் தெரிந்தது. வலதுபக்கம் நீளமாக இருந்தால், உங்கள் தீர்ப்பு அந்தப் பாத்திரத்தின் செயலைப் பற்றியதே இல்லை. பிறகு யாருக்கு முகம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அலியாவுக்கு அப்பா செய்து கொடுத்த வளையம் இருக்கிறது, பள்ளிப் பாடம் இருக்கிறது, ஒரு முற்றம் இருக்கிறது. அந்த எண்பது பேரில் ஒருவரைக்கூட நாம் பார்ப்பதில்லை. இது படத்தில் மட்டும் வரும் கோளாறு இல்லை. 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டபோது, பயணிகளின் உறவினர்கள் டெல்லியில் திரண்டு நின்றார்கள். பயணிகளுக்கு ஈடாக, இந்தியச் சிறையில் இருந்த மூன்று பேர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மசூத் அசார் மறு ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பால் பின்னால் சாகப்போகிறவர்களின் உறவினர்கள் அன்று எந்த வாசலிலும் நின்றிருக்க முடியாது. பயணிகளை மீட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் உயிரும் தெரியாத உயிரும் தராசில் ஒரே எடை காட்டுவதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

வேறு வழி இருந்ததா என்ற இடத்தில் படங்கள் செய்யும் தில்லுமுல்லு இன்னும் மோசம். 2014இல் வந்த 'தி இமிடேஷன் கேம்' நல்ல உதாரணம், அதாவது கெட்ட உதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சங்கேதத்தை உடைத்த அன்றே, பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் ட்யூரிங்கின் குழு ஒரு தாக்குதல் திட்டத்தைப் படித்துவிடுகிறது. எச்சரித்தால் சங்கேதம் உடைந்தது ஜெர்மனிக்குத் தெரிந்துவிடும். எச்சரிக்காவிட்டால், குழுவில் உள்ள பீட்டர் ஹில்டனின் அண்ணன் போகும் கப்பல் மூழ்கும். ட்யூரிங் வாயைத் திறக்க வேண்டாம் என்கிறார். நெஞ்சைப் பிசையும் காட்சி. நடக்கவே நடக்காத காட்சியும்கூட. ஹில்டன் அந்தச் சங்கேத உடைப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1942 ஜனவரியில். சங்கேதத்தை உடைக்கும் இயந்திரங்கள் அதற்கு வெகு முன்பே ஓடிக்கொண்டிருந்தன. எந்தத் தகவலைப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானித்தவர்கள் கணித அறிஞர்கள் அல்ல, மேலே இருந்த உளவு அதிகாரிகள். அவர்கள் கையாண்ட வழக்கமான வழியும் பலிகொடுப்பது அல்ல. எதிரிக் கப்பல் எங்கே வருகிறது என்று சங்கேதத்திலிருந்து தெரிந்ததும், முதலில் ஒரு வேவு விமானத்தை அனுப்பி அது எதிரியின் கண்ணில் படும்படி பறக்கவிடுவார்கள். பிறகு தாக்குவார்கள். விமானம்தான் கண்டுபிடித்தது என்று எதிரி நினைத்துக்கொள்வான். உழைப்பும் செலவும் ஆகும் இந்த மூன்றாவது வழி, பத்து நிமிடக் காட்சிக்கு உதவாது என்று எடுத்துவிட்டார்கள்.

இதே வகையில் கோவென்ட்ரி கதையும் உண்டு. 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்த அந்த நகரத்தை, ரகசியத்தைக் காப்பாற்ற சர்ச்சில் தெரிந்தே எரியவிட்டார் என்று 1970களில் புத்தகங்கள் வழியாகப் பரவியது. வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைப் பார்த்து இதை மறுத்துவிட்டார்கள். அன்றிரவு இலக்கு லண்டன் என்று நினைத்து அவர் பாதி வழியில் லண்டனுக்கே திரும்பினார். ஆனாலும் மேடைப் பேச்சில் இந்தக் கதை சாகாமல் இருக்கிறது. தலைவன் என்றால் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சிலரைச் சாகவிடுபவன் என்ற பிம்பம் நமக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

சூப்பர் ஹீரோ படங்களை அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' வில்லன் வளம் போதாதென்று பாதி உயிர்களை அழிக்கிறான். பூமியில் 2018இல் இருந்த சுமார் 760 கோடியைப் பாதியாக்கினால் 380 கோடி. அது 1970களின் தொடக்கத்தில் இருந்த மக்கள்தொகை. ஐம்பது ஆண்டு கூடத் தாங்காத தீர்வு. 'தி டார்க் நைட்' கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: இரண்டு படகு, ஒன்றில் கைதிகள், ஒன்றில் பொதுமக்கள், ஒவ்வொருவர் கையிலும் மற்ற படகை வெடிக்கவைக்கும் கருவி. பொதுமக்கள் ஓட்டெடுப்பில் 'வெடிக்கலாம்' ஜெயிக்கிறது, சாவியைத் திருப்பத்தான் ஆள் இல்லை. 1982 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் ஸ்பாக் கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு அறைக்குள் தானே போவது வேறு வகை. தன் உயிரைக் கொடுப்பதையும் அடுத்தவன் உயிரைக் கொடுப்பதையும் ஒரே சொல்லால் 'தியாகம்' என்று அழைத்து, முதலாவதன் கௌரவத்தை இரண்டாவதுக்கு ஒட்டவைப்பது மசாலாப் படங்களின் பழைய வித்தை.

யார் சாவது என்பதை யார் தீர்மானிப்பது? இதற்குப் படகுக் கதைகள்தான் சரியான இடம், ஏனென்றால் நீதிமன்றங்களே அவற்றை விசாரித்திருக்கின்றன. 1841 ஏப்ரலில் 'வில்லியம் பிரவுன்' என்ற கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்த, ஒழுகும் படகிலிருந்து மாலுமிகள் மறுநாள் இரவு பதினான்கு பேருக்குக் குறையாமல் கடலில் தள்ளினார்கள். தள்ளப்பட்ட எல்லோரும் பயணிகள். மாலுமி ஒருவர்கூட இல்லை. விடிந்ததும் இன்னொரு கப்பல் வந்து மிச்சப்பேரைக் காப்பாற்றியது. 1842இல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றம் ஹோம்ஸ் என்ற மாலுமியைக் குற்றவாளி என்றது. படகை ஓட்டத் தேவையான எண்ணிக்கைக்கு மேல் மாலுமிகளுக்கு முன்னுரிமை கிடையாது, பயணிகளைக் காப்பதுதான் அவர்கள் கடமை, எல்லோரும் சமநிலையில் இருக்கும்போது சீட்டுக் குலுக்கியிருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். இந்த நிகழ்ச்சியைத் தழுவி டைரோன் பவர் நடிப்பில் 1957இல் வந்த 'செவன் வேவ்ஸ் அவே' படத்தில், அதிகாரி சீட்டுக் குலுக்குவதில்லை. துடுப்புப் போடத் தெம்பு உள்ளவர்களை வைத்துக்கொண்டு காயம்பட்டவர்களையும் பலவீனர்களையும் இறக்கிவிடுகிறார். சீட்டு, தற்செயலிடம் விடுவது. அவர் செய்வது ஒவ்வொரு உயிருக்கும் விலை போடுவது. படம் இந்த வித்தியாசத்தை மறைக்காமல் பார்வையாளரை நெளியவைக்கிறது.

இங்கிலாந்தில் 1884இல் 'மினியோனெட்' படகு மூழ்கி, நான்கு பேர் சிறு தோணியில் தவித்தார்கள். இருபது நாள் ஆன நிலையில் டட்லி, ஸ்டீஃபன்ஸ் இருவரும் சேர்ந்து, நோய்ப்பட்டுக் கிடந்த 17 வயது கப்பல் பையனைக் கொன்று தின்றார்கள். சீட்டு குலுக்கவில்லை. நான்கு நாளில் கப்பல் வந்தது. முதலில் சொன்ன சோதனையில் இது நேரடியாகத் தோற்கிறது: பையன் எழுந்து நீந்திப் போயிருந்தால் திட்டமே இல்லை, அவன் உடம்புதான் உணவு. இன்னொரு உயிரைவிடத் தன் உயிர் மேல் என்று அளக்கும் அளவுகோலை யார் கையில் கொடுப்பது என்று நீதிமன்றம் கேட்டது.

கடைசியாக, இந்த விஷயத்தில் பெரிய பொதுவாக்கெடுப்பே நடத்திய படம். 2016 அக்டோபர் 17 அன்று ஜெர்மன் தொலைக்காட்சியில் 'டெரர்' என்ற நீதிமன்ற நாடகப் படம் வந்தது. 164 பேரோடு கடத்தப்பட்ட விமானம், 70,000 பேர் இருக்கும் கால்பந்து மைதானத்தை நோக்கிப் போகிறது. போர் விமானி மேஜர் கோஹ், உத்தரவை மீறி அதைச் சுட்டுவீழ்த்துகிறார். குற்றவாளியா, இல்லையா? பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெர்மனியில் சுமார் 87 சதவீதம் பேர் விடுதலை என்றார்கள்.

ஓட்டுக்கு முன் படத்தில் வந்த இரண்டு விவரங்கள் பலருக்கு மறந்துபோயின. மைதானத்தை ஏன் யாரும் காலி செய்யவில்லை என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். ஒழுங்கான பதில் இல்லை. பயணிகள் விமானி அறைக்குள் நுழைய முயல்வதாக ஒருவர் தன் மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். அதாவது வேறு வழியும் மூடவில்லை, நிச்சயமும் இல்லை. நிஜ ஜெர்மனியில் இப்படிச் சுட அனுமதித்த சட்டத்தை, அரசியல் சாசன நீதிமன்றம் 2006 பிப்ரவரி 15 அன்றே ரத்து செய்திருந்தது. விமானத்துக்குள் இருப்பவர்களை அரசு வெறும் பொருளாக, ஆயுதத்தின் ஒரு பகுதியாகப் பாவிக்க முடியாது என்பது ஒரு முக்கியக் காரணம். தரையிலிருந்து பார்த்து விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லவே முடியாது என்பதும் தீர்ப்பில் உண்டு.

சட்ட வல்லுநர்களைக் கோபப்படுத்தியது வேறு: பார்வையாளருக்கு இரண்டு பொத்தான்தான் கொடுத்தார்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டம், செயல் சட்டவிரோதமா என்பதையும் செய்தவரைப் பழிக்கலாமா என்பதையும் தனித்தனியாகக் கேட்கும். செய்தது தவறு, ஆனால் அந்த நெருக்கடியில் அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறது. பழைய நீதிமன்றங்களும் தங்கள் வழியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தன. டட்லிக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்து, அரசு அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது. ஹோம்ஸுக்குக் கிடைத்ததும் ஆறு மாதம்தான், கூடவே 20 டாலர் அபராதம்.